உப்பு மணலிற் பொன் தேடுவோர்

சிலாபத்திலிருந்து வடக்கே குதிரைமலை நோக்கி நீண்டு கிடப்பது புத்தளம் மாவட்டத்தின் கடற்கரை. ஒருபுறம் கடலின் அலை; மறுபுறம் முந்தற் களப்பும் புத்தளக் களப்பும்; இடையே தென்னை நிற்கும் மணற்றிடல். உடப்பிற் கரைவலை இழுப்போரும், கற்பிட்டியில் வள்ளமேறுவோரும், மார்ச்சு மாதத்திலும் ஆகஸ்டு மாதத்திலும் தலவிலப் புனித அன்னம்மாள் ஆலய விழாக்களுக்கு வந்து கூடும் பெருந்திரளான யாத்திரிகரும், காற்றுப் பட்டத்தின் துணையால் அலைமீது விளையாட வரும் வெளிநாட்டாரும் என, இக்கரையின் மணலிற் படியும் காலடிகள் பல. காலடி படியும் இடத்திற் கைப்பொருளும் விழுவதுண்டு. கடலாடுகையில் நீரின் குளிர்ச்சியால் விரல் சுருங்க, மோதிரம் நழுவுகிறது. அலை மோதுகையிற் சங்கிலி அறுகிறது. அடுத்த அலை வந்து மணலை மூடிவிட்டால், அப்பொருள் கிடக்கும் இடத்தைக் கண்ணாற் காண்பது அரிது. தாலிக்கொடியை அலைக்குப் பறிகொடுத்த பெண்ணுக்கு இழப்பு பொன்னின் விலையளவோடு முடிவதுமில்லை.

இவ்வாறு மறைந்த பொருளைத் தேடித் தரும் கருவி ஒன்று உளது. உலோகங் கண்டறியும் கருவி என்று நூல்வழக்கிலும், மெட்டல் டிடெக்டர் என்று பேச்சுவழக்கிலும் அதற்குப் பெயர். விமான நிலைய வாயிலிலும் பாதுகாப்பு அரண்களிலும் அதனைப் பலரும் கண்டிருப்பர். கடற்கரையிலும் ஆழமற்ற நீரிலும் தேடுவதற்கென்றே செய்யப்பட்டவை இன்று பலவகையாக விற்கப்படுகின்றன. அவற்றுள் எதனைத் தெரிந்தெடுப்பது என்பது எளிய வினாவாகத் தோன்றும். ஆயின், அவ்வினாவினுள் வேறிரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. எத்தகைய மணலிலே தேடுவது என்பது ஒன்று. யாருடைய பொருளைத் தேடுவது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை கண்ட பின்னரே கருவியின் விலையைக் கேட்பது முறை.

முதற்கண், இக்கருவி எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை அறிதல் வேண்டும். கருவியின் அடியில் வட்டமான தட்டொன்று இருக்கும். அதனுள் செப்புக் கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒரு சுருளில் மாறி மாறி ஓடும் மின்னோட்டம் காந்தப்புலமொன்றைத் தோற்றுவிக்கின்றது. அப்புலம் மணலினூடே சென்று ஓர் உலோகத்தைத் தொடுமாயின், அவ்வுலோகத்தினுள்ளே சிறு சுழிப்போட்டங்கள் பிறக்கும். அவ்வோட்டங்கள் தமக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்க, மற்றைய சுருள் அதனை உணர்ந்து ஒலியாக மாற்றித் தருகின்றது. ஆகவே, கருவி பொன்னைக் காண்பதில்லை. மின் ஓடக்கூடிய ஒன்று அங்கே உண்டு என்பதை மட்டுமே அறிவிக்கின்றது. இந்த வரம்பை மறந்தோரே பின்னர் ஏமாற்றமடைகின்றனர்.

இதற்குச் சான்றாகப் பழைய வரலாறொன்று உண்டு. 1881ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டார். உடலினுட் புதைந்த குண்டு எங்கே உளது என்று அறியவொண்ணாது மருத்துவர் மயங்கிய வேளையில், தொலைபேசியைக் கண்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றை அமைத்துக்கொண்டு அவர் படுக்கையருகே சென்றார். கருவி ஒலித்தது, ஆனால் குண்டு கிடந்த இடம் புலப்படவில்லை. நோயாளி கிடந்த மெத்தையின் அடியில் உருக்குச் சுருள்கள் இருந்தமை அதற்கு ஒரு காரணம். மருத்துவர் தாம் ஐயுற்ற ஒரு பக்கத்தை மட்டுமே சோதிக்க இடங்கொடுத்தமை மற்றொரு காரணம். கருவி பொய் சொல்லவில்லை. அதனைச் சூழ்ந்திருந்தது எதுவென்பதை மனிதர் எண்ணிப் பார்க்கவில்லை. பின்னர் இரண்டாம் உலக யுத்தத்திற் போலந்து நாட்டு இராணுவ அதிகாரியொருவர் ஆக்கிய கண்ணிவெடி காணும் கருவி, 1942இல் எல் அலமீன் போர்க்களத்திற் பெரும்பயன் தந்தது. கடற்கரையில் இன்று மோதிரம் தேடும் கருவியும் இதே தத்துவத்தின்படி அமைந்ததுதான்.

பெல் சென்ற இடத்திற் படுக்கைச் சுருள் செய்த வேலையைப் புத்தளக் கரையிற் செய்வது உப்பு. புத்தளம் என்னும் பெயரையே புது அளம் எனப் பிரித்து, உப்பளத்தோடு இயைத்துரைப்பாரும் உளர். இலங்கையில் உப்பு விளையும் முதன்மையான இடங்களுள் இப்பகுதியும் ஒன்று. கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அவ்வுப்பினாற் கடல்நீர் மின்னைக் கடத்துகின்றது. செம்பின் கடத்துந்திறனோடு ஒப்பிடின் அது கோடியில் ஒரு பங்களவே. எனினும், செம்புத் துண்டு சிறியது. ஈரமணலோ கருவியின் கீழே பரந்து கிடப்பது. ஆதலால் ஈரமணல் முழுவதும் ஒரு பெரிய உலோகம்போற் கருவிக்குத் தோன்றி, ஓயாத பொய்யொலியை எழுப்புகின்றது. தட்டைச் சற்று உயர்த்தினும் தாழ்த்தினும் ஒலி மாறும்; அலை வந்து காலை நனைத்தாலும் மாறும். உள்நாட்டுத் தோட்டமொன்றில் நன்கு தொழிற்படும் கருவி, தலவிலக் கரையிற் பயனற்றுப் போவது இதனாலேதான்.

இவ்விடரைத் தீர்க்க மூன்று வகைக் கருவிகளை ஆராய்தல் வேண்டும். முதலாவது, ஒற்றை மீடிறனில் இயங்குவது. நொடியொன்றிற் சில ஆயிரம் முதற் பல்லாயிரம் முறை அதிரும் மின்னோட்டத்தை இது பயன்படுத்தும். விலை குறைந்தது, எடை குறைந்தது, இரும்பையும் பிறவற்றையும் ஓரளவு பிரித்துக் காட்டுவது. உலர்ந்த மேல்மணலுக்கு இது போதியது. ஈரமணலுக்கு வந்ததும் இதன் கூருணர்வைக் குறைத்தாலன்றிப் பொய்யொலி அடங்காது. கூருணர்வைக் குறைத்தால் ஆழமும் குறையும். மீடிறனைத் தாழ்த்தினால் உப்பின் தொல்லை தணியும். ஆனால் மெல்லிய பொன்னைக் காணும் ஆற்றலும் உடன் தணியும். எனவே, ஒரு மீடிறனைக் கொண்டு இரண்டு நன்மையும் பெறுதல் இயலாது.

இரண்டாவது, துடிப்புத் தூண்டற் கருவி. இது மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்தாது, நொடிக்குப் பல நூறு முறை துடிப்புத் துடிப்பாகச் செலுத்தி நிறுத்தும். நிறுத்திய பின்னர், ஒரு சிறு பொழுது காத்திருந்து எஞ்சும் ஒலிப்பைக் கேட்கும். உப்புநீரில் எழும் ஓட்டம் விரைவில் அடங்கிவிடும். உலோகத்தில் எழும் ஓட்டம் சற்று நீடிக்கும். அந்தச் சிறு பொழுதின் வேறுபாட்டால் உப்பின் தொல்லை விலகுகின்றது. ஆழமும் நன்கு கிடைக்கின்றது. ஆயின், இரும்பாணியையும் பொன் மோதிரத்தையும் இக்கருவி பிரித்துச் சொல்வது அரிது. ஒலித்த இடமெல்லாம் தோண்டவேண்டும். மீனவர் வாடிகள் நிறைந்த கரையில் வேலை செய்பவர் தூண்டிலும் ஆணியும் போத்தல் மூடியும் எடுத்தே களைத்துப்போவர். மக்கள் நடமாட்டமும் குப்பையும் குறைந்த கரைக்கும், நீருள் மூழ்கித் தேடுவோருக்கும் இது ஏற்றது.

மூன்றாவது, பல மீடிறன்களை ஒருங்கே செலுத்தும் கருவி. 1990களின் தொடக்கத்திலிருந்து இது கடற்கரைத் தேடலிற் பெரிதும் இடம்பெற்று வருகின்றது. உப்புநீர் ஒவ்வொரு மீடிறனுக்கும் ஒவ்வொரு விதமாக விடையளிக்கும்; உலோகமும் அவ்வாறே; ஆனால் இரண்டின் போக்கும் ஒன்றல்ல. அவற்றை ஒப்பிட்டு உப்பின் பங்கைக் கருவி கழித்துவிடுகின்றது. இரும்பைப் பிரித்தறியும் ஆற்றலும் ஓரளவு எஞ்சுகின்றது. விலை கூடியதாயினும், உலர்மணல், ஈரமணல், முழங்கால் நீர் ஆகிய மூன்றிலும் மாறி மாறித் தேட விரும்புவோருக்கு இதுவே பொருத்தமானது. இத்தகைய கருவியிலும் கடற்கரைக்கென அமைந்த நிலை வேறாக உண்டு. ஈரமணலில் இறங்குமுன் அந்நிலைக்கு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்.

உப்போடு இரும்பும் இக்கரையில் உண்டு. விசயனோடு வந்தோர் தரையிற் கையூன்ற, அவர்தம் கைகள் செந்நிறமாயின என்றும், அதனால் அவ்விடம் தம்பபண்ணி எனப் பெயர் பெற்றது என்றும் மகாவம்சம் கூறும். அவ்விடம் குதிரைமலைப் பகுதியே எனக் கருதுவோரும் உளர். கதை எவ்வாறாயினும், குதிரைமலைப் பக்கத்துச் செம்மண் இரும்பின் கூறுகளாலேயே அந்நிறம் பெற்றது. அலை ஒதுக்கும் கரிய மணலிலும் இரும்புக் கனியங்கள் இருப்பதுண்டு. இவையும் கருவியைக் குழப்பும். ஆகையால், நிலத்துக்கேற்பச் சமன்செய்யும் அமைப்பு கருவியில் இருத்தல் இன்றியமையாதது. தட்டினுள்ளும், ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வட்டச் சுருள்களைவிட, ஆங்கில டீ எழுத்திரண்டை முதுகோடு முதுகு வைத்தாற்போல் அமைந்த சுருள்கள் இத்தகைய நிலத்தில் நிலைத்த ஒலி தரும். பெரிய தட்டு ஆழமாகவும் அகலமாகவும் தேடும்; சிறிய தட்டு குப்பைக்கிடையே கிடக்கும் பொருளைப் பிரித்துக் காட்டும். குப்பை மலிந்த விழாக் கரைக்குச் சிறியதே நன்று.

வாங்குவோரை மயக்குவது ஆழத்தைப் பற்றிய பேச்சு. பத்து மீற்றர் ஆழத்துப் பொன்னையும் காட்டும் என்று விளம்பரம் செய்வோர் உளர். இயற்கையின் விதி அதற்கு இடங்கொடாது. சிறிய பொருளொன்று தட்டிலிருந்து இரு மடங்கு தொலைவுக்குச் சென்றால், அது தரும் ஒலிப்பு அரைப்பங்காகக் குறைவதில்லை; ஏறத்தாழ அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். காந்தப்புலம் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் மெலிவதால் விளைவது இது. நல்ல கருவியும் மோதிரமொன்றை இருபது முப்பது சென்ரிமீற்றர் ஆழத்திற் காட்டுமாயின் அதுவே சிறப்பு. ஒரு முழத்துக்குக் கீழே போன மோதிரத்துக்குப் பெரும்பாலும் கருவியால் விடையில்லை. பெரிய இரும்புப் பெட்டிபோன்றவை இதனினும் ஆழத்திற் புலப்படலாம். அத்தகையதைத் தேடும் உரிமை யாருக்கு உண்டு என்பது பின்னர் வரும்.

மயக்கத்தின் எல்லைக்குச் சென்றோரும் உளர். கைப்பிடியொன்றில் ஒரு கம்பியைச் செருகி, தொலைவிலுள்ள பொன்னின் திசையை அது காட்டும் எனக் கூறி விற்கும் பொருள்கள் பல. ஏ.டி.இ. 651 என்ற பெயரில் வெடிகுண்டு காணும் கருவியென ஈராக்கிலும் பிற நாடுகளிலும் பெருவிலைக்கு விற்கப்பட்ட ஒன்றை ஆராய்ந்தபோது, அதனுள் வேலை செய்யும் பொறி எதுவும் இல்லை என்பது வெளிப்பட்டது. கோல்ப் பந்து தேடவென விளையாட்டாக விற்கப்பட்ட ஒரு பொருளின் வழிவந்தது அது. அதனை விற்றவருக்கு 2013இல் இங்கிலாந்து நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. அதனை நம்பிய சோதனைச் சாவடிகளில் எத்தனை உயிர் போயிற்று என்று எண்ணுகையில், புதையலாசையாற் பணம் இழத்தல் சிறிதாகத் தோன்றும். ஆயினும், நிலத்தை அடகு வைத்து அத்தகைய கம்பியை வாங்கும் குடும்பத்துக்கு அவ்விழப்பு சிறிதன்று. வாங்குமுன் ஒரு மோதிரத்தை வாங்குவோர் தாமே ஈரமணலிற் புதைத்து, விற்பவர் அறியாத இடத்தில் அதைத் தேடித் தரும்படி கேட்டல் போதும். உண்மையான கருவி அச்சோதனைக்கு அஞ்சாது.

அடுத்து, நீரைப் பற்றிய செய்தி. இங்கிலாந்து முதலிய நாடுகளிற் கடல் வற்றும்போது பல மீற்றர் உயரத்துக்கு நீர் இறங்கி, அகன்ற மணல்வெளி வெளிப்படும். அந்நாட்டு நூல்கள் அதனை மனத்திற்கொண்டே எழுதப்பட்டவை. இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. வெளிப்படும் மணல் ஒடுங்கிய பட்டையே. கடலாடுவோர் பொருளிழக்கும் இடம் இடுப்பளவு நீர். அவ்விடம் ஒருபோதும் உலர்வதில்லை. எனவே, இக்கரையில் நீர் புகாத கருவி ஆடம்பரமன்று. சில கருவிகளில் தட்டு மட்டுமே நீரைத் தாங்கும். மேலுள்ள பெட்டி நனைந்தாற் கெட்டுவிடும். மூன்று அல்லது ஐந்து மீற்றர் ஆழம்வரை முழுவதும் நனையலாம் எனக் குறிக்கப்பட்டவையே கரையோர நீருக்கு ஏற்றவை. சுழியோடிகளுக்கென அறுபது மீற்றர்வரை தாங்கும் கருவிகளும் உள்ளன. கரையில் நிற்பவருக்கு அவை வீண்செலவு.

கம்பியில்லாது ஒலி கேட்கும் ஹெட்போன் நீருக்குள் உதவாது. கடல்நீர் வானொலி அலையைத் தடுத்துவிடும். கம்பி பூட்டிய, நீர் புகாத ஹெட்போனே வேண்டும். தட்டு மிதக்குமாயிற் கை விரைவிற் சோர்ந்துபோகும்; நீரில் அமிழ்ந்து நிற்கும் தட்டே நன்று. மணலை அள்ளி வடிக்கத் துளையிட்ட அகப்பை ஒன்று நீண்ட பிடியோடு இருத்தல் நலம். வேலை முடிந்ததும் நன்னீராற் கழுவாத கருவியை உப்பு சில மாதங்களிலேயே அரித்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் இக்கரையின் அலை முரடானது. அக்காலத்திற் பொருளுக்காக நீரிலிறங்கி உயிரை இழத்தல் கூடாது. காற்றுத் தணிந்த பின்னர், அலை மணலை வாரிச் சென்ற பள்ளங்களில் தேடுதலே பயன் தரும்; பாரமான பொருள் அங்கே கெட்டி மணல்மீது தங்கும்.

இந்நாட்டுத் தேடலுக்கென்றே உரிய கடினமொன்று உண்டு. மேல்நாட்டார் பெரிதும் இழப்பது மோதிரம். தமிழ்மக்கள் இழப்பதிற் சங்கிலியே மிகுதி. மோதிரம் மூடிய வளையமாதலால் அதனுள் மின்னோட்டம் நன்கு சுழன்று தெளிவான ஒலி தரும். சங்கிலியோ நூற்றுக்கணக்கான சிறு வளையங்களின் தொகுதி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓட்டம் நன்கு செல்லாமையால், கருவிக்கு அது ஒரு பெரிய பொன்னாகத் தோன்றாது, தனித்தனிச் சிறு துகள்களாகவே தோன்றும். ஐந்து பவுண் சங்கிலியைவிட அரைப்பவுண் மோதிரம் உரக்க ஒலிப்பது வியப்பாயினும் உண்மை. சங்கிலியோடு கோத்த தாலியும் பதக்கமுமே பெரும்பாலும் அதனைக் காட்டிக்கொடுக்கும். மெல்லிய பொன்னின் ஒலி, சிகரெட்டுப் பெட்டியின் அலுமினியத் தாளின் ஒலியை ஒத்திருக்கும். குப்பையென்று அவ்வொலியை ஒதுக்கும்படி கருவியை அமைத்தவர் பொன்னையும் ஒதுக்கியவராவர். வலையிற் கோத்த ஈயக்குண்டும் நல்ல உலோகம்போலவே ஒலிக்கும். ஆதலின், பொறுமையோடு தோண்டும் மனமில்லாதவருக்கு எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் பயன்தராது.

இதுவரை கூறியவை முதல் வினாவைச் சார்ந்தவை. இரண்டாம் வினா இனி எழுகின்றது. நேற்று விழுந்த மோதிரத்துக்கு உரியவர் உளர்; அவரிடம் அதைச் சேர்ப்பித்தல் கடன். நூற்றாண்டுகளுக்கு முன் விழுந்த பொருளுக்கு உரியவர் யார்?

புத்தளக் கரை வெறுங்கரையன்று. உரோம அறிஞர் பிளினி எழுதிய நூலில் ஒரு செய்தி உண்டு. குலோதியசு மன்னன் காலத்தில், செங்கடல் வரிக் குத்தகையாளன் ஒருவனிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவன் காற்றால் அலைக்கழிக்கப்பட்டு இலங்கையின் இப்பூரோசு என்னும் துறையை அடைந்தான். அவன் வைத்திருந்த வெள்ளிக்காசுகளிற் பல்வேறு அரசர் முகங்கள் இருந்தும், அவை யாவும் ஒரே எடையாயிருத்தலைக் கண்டு இந்நாட்டு மன்னன் உரோமரின் நேர்மையை வியந்தானாம். குதிரைப் பொருள் தரும் அக்கிரேக்கப் பெயரைக் குதிரைமலையோடு இணைப்பர் ஆராய்ச்சியாளர். 1344இல் இபின் பற்றூற்றா வந்திறங்கிய இடம் புத்தளம். ஆரியச் சக்கரவர்த்தியை அவர் சந்தித்ததும் அப்பயணத்திலேதான். கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் எழுப்பத் தொடங்கிய கோட்டை இன்றும் நிற்கின்றது. இத்தகைய கரையிற் கருவி ஒலிக்கும்போது, தட்டின் கீழே கிடப்பது போத்தல் மூடியாகவும் இருக்கலாம். வரலாற்றின் ஒரு பக்கமாகவும் இருக்கலாம்.

பழங்காசின் மதிப்பு அதன் வெள்ளியில் இல்லை; அது கிடந்த இடத்திலும், அதனோடு கிடந்தவற்றிலும் உள்ளது. 1961இல் இலங்கையின் தென்கிழக்கே கிரேட் பாசஸ் என்னும் கற்பாரின் அருகே, மைக் வில்சனும் அவரோடு சென்ற இளைஞர் இருவரும் கடலடியில் வெள்ளி நாணயக் கட்டிகளைக் கண்டனர். அவை ஒளரங்கசீப் காலத்திற் சூரத்து நாணயசாலையில் அடிக்கப்பட்டவை, ஆண்டு 1702. தேய்வில்லாத ஒரே ஆண்டு நாணயங்கள், பைகளிற் கிடந்த வடிவிலேயே இறுகிக் கிடந்தமையால், நாணயசாலையிலிருந்து நேரே ஏற்றப்பட்ட வணிகச் செல்வம் அது என்பது விளங்கிற்று. ஆதர் சீ. கிளார்க் அக்கதையை 1964இல் நூலாக எழுதினார். அந்நாணயங்கள் ஒவ்வொன்றாய் ஒருவர் அறியாமல் ஒருவர் எடுத்து விற்றிருப்பாராயின், உருக்கிய வெள்ளியன்றி வேறொன்றும் எஞ்சியிராது. அம்பாந்தோட்டைக்கு அணித்தாகக் கொடவாயாக் கடலிற் கிடக்கும் கப்பலும் மீனவர் கண்ணில் முதலிற் பட்டதே. செய்தி ஆராய்ச்சியாளரை அடைந்தமையால், 2008இலிருந்து அது ஆராயப்பட்டு, இந்து சமுத்திரத்தில் இதுவரை அறியப்பட்ட கப்பற் சிதைவுகளுள் மிகப் பழையதெனக் கருதப்படுகின்றது.

மேல்நாட்டிலும் இதற்கு நல்ல சான்றுண்டு. 1992இல் இங்கிலாந்தின் ஒக்ஸன் என்னும் ஊரில், தொலைந்த சுத்தியலைத் தேடித் தருமாறு விவசாயி ஒருவர் கேட்க, அவர் நண்பர் கருவியோடு வயலிலிறங்கினார். அவர் கண்டது உரோமர் காலத்துப் பொற்குவியல். ஏறத்தாழ 15,000 காசுகள். சிலவற்றைக் கண்டதுமே அவர் தோண்டுவதை நிறுத்தி அதிகாரிகளுக்கு அறிவித்தார். ஆராய்ச்சியாளர் வந்து, பொருள்கள் பெட்டியினுள் அடுக்கப்பட்டிருந்த முறையையும் குறித்து வைத்துக்கொண்டு எடுத்தனர். அந்தச் சுத்தியலும் கிடைத்தது. அதுவும் பிரித்தானிய நூதனசாலையில் இன்று வைக்கப்பட்டுள்ளது. அவர் கருவியைத் திறம்பட ஏந்தினார் என்பதனினும், தக்க வேளையிற் கீழே வைத்தார் என்பதே அவருக்குப் புகழ் தந்தது.

இலங்கையின் சட்டமும் இவ்விடயத்திற் கண்டிப்பானது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச்சு 2ஆந் தேதிக்கு முற்பட்டதாகக் கருதப்படும் பொருள் தொல்பொருளாகும். நிலத்தினுள் மறைந்து கிடக்கும் அத்தகையது அரசுக்கு உரியது. கண்டெடுத்தவர் அறிவித்தல் வேண்டும். உத்தரவுப் பத்திரமின்றித் தோண்டுதல் குற்றம். 1998இன் திருத்தச் சட்டம் தண்டனையைக் கடுமையாக்கியது. குதிரைமலை வில்பத்துத் தேசிய வனத்தினுள் அடங்கியது. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பவளப்பார் 1992இற் கடற்சரணாலயமாக்கப்பட்டது. இவ்விடங்கள் தேடுவோருக்குரியவை அல்ல. கருவியோடு புதையல் தேடினோர் கைதான செய்தி இந்நாட்டுப் பத்திரிகைகளில் அடிக்கடி வருவது. ஆகவே, கருவியை வாங்குமுன்னரும் வெளிநாட்டிலிருந்து தருவிக்குமுன்னரும் தொல்பொருள் திணைக்களத்திடமும் சுங்கத்திடமும் பொலிசாரிடமும் கேட்டு, வேண்டிய அனுமதியை எழுத்திற் பெற்றுக்கொள்ளல் அறிவுடைமை.

உயிருக்கஞ்ச வேண்டிய காரணமும் ஒன்றுண்டு. 2009இல் யுத்தம் முடிந்தபின்னரும் வடபுலத்திற் கண்ணிவெடி அகற்றும் பணி ஓயவில்லை. யுத்தம் நடந்த நிலத்தை அணுகிய கரைகளிலும், அலை ஒதுக்கிய பொருளிடத்தும் விழிப்பு வேண்டும். பயிற்சி பெற்ற பணியாளர் ஒவ்வோர் ஒலிக்கும் மண்டியிட்டு, மண்ணை விரலளவாக நீக்குவது அதனாலேதான். அறியாத உருளையோ குழலோ தென்பட்டால் அதனைத் தொடாது, இடத்தை அடையாளமிட்டு விலகி, 119 என்னும் இலக்கத்திற் பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும்.

இவை யாவற்றையும் தொகுத்து நோக்கின் விடை தெளிவாகும். இக்கரைக்கு ஏற்றது மிக ஆழமாகத் தேடும் கருவியன்று. உப்பைத் தாங்குவதும், முழுவதும் நனையக்கூடியதும், பல மீடிறன்களில் இயங்குவதும், ஒரு முழத்துக்குட்பட்ட மணலை நேர்மையாகக் காட்டுவதுமாகிய கருவி. அம்முழ மணலில் விழுந்தவை பெரும்பாலும் அண்மைக் காலத்தவை. அவற்றுக்கு உரியோர் இன்றும் உயிரோடிருப்போர். ஆழத்தை விரும்புபவர் பிறர்க்குரிய புதையலையே விரும்புகின்றனர். ஆழம் குறைந்த நல்ல கருவியைத் தெரிந்தெடுப்பவர், இழந்தவரின் துயரைத் தீர்க்க விரும்புகின்றனர்.

விலை கூடிய அத்தகைய கருவியை ஒவ்வொருவரும் வாங்குதல் வேண்டுவதில்லை. கரையோர ஊரொன்றின் மீனவர் சங்கமோ, ஆலய பரிபாலன சபையோ, உரிய அனுமதியோடு ஒன்றை வாங்கி வைத்து, பொருளிழந்தோர் வந்து கேட்கும்போது பயிற்சியுள்ள ஒருவரைக் கொண்டு தேடிக் கொடுப்பின், அதுவே நல்ல அறம். அங்கே ஒரு பதிவேடும் வைத்தல் வேண்டும். எந்நாளில், எக்கரையில், எப்பொருள், எவ்வாழத்திற் கிடைத்தது, யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதை அதிற் குறித்தல் வேண்டும். கற்பிட்டியில் 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட இலங்கை விவரநூல், எது எங்கே உளது என்பதைப் பொறுமையோடு குறித்து வைத்ததனாலேயே பின்வந்தோருக்குப் பயன்பட்டது. அவர் பிறந்த கரையிற் பொருள் தேடுவோருக்கும் அப்பொறுமை வேண்டும். பழம்பொருள் ஒன்று தற்செயலாய் வெளிப்படுமாயின், அதனை அசைக்காது, இடத்தைக் குறித்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்தலும் அதே பதிவேட்டிற் சேரும்.

கருவி ஒலிப்பதோடு தன் வேலையை முடித்துக்கொள்கின்றது. தோண்டுவதா, நிறுத்துவதா, உரியவரிடம் கொடுப்பதா என்பதைத் துணியும் பொறுப்பு அதனை ஏந்தி நிற்பவருடையது.